கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ராணி

எனக்கு வாய் கொஞ்சம் பெரிது. நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. என் நாத்தனார் நேரெதிர். பல் மருத்துவமனைக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறாள். அவள் செய்த பல்லைக் காட்டி ஊரே சிரிக்கிறது, அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் பல் விழுந்துவிடும். எங்கே போனாலும் "அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்பாள். நானும் சொல்லிவிடுவேன்.

எங்கள் இருவரையும் ஒட்டவைத்தது 'சாம்பல் நிலா' என்ற படக்கதை. அதில் வரும் ராணி தன் இரண்டு கொம்பில் ஒன்றைத் தானே உடைத்து எறிந்தவள். பன்னிரண்டு புத்தகமும் எங்களுக்கு மனப்பாடம். அதை வரைகிற அம்மாளே இந்த வருட ரசிகர் மாநாட்டில் வேடப் போட்டிக்கு நடுவர் என்று தெரிந்த அன்று, நாத்தனார் கேட்காமலே பேசினாள்.

"அவங்க கண்ணுல என் கொம்பு ஒரு தடவ பட்டாப் போதும் அண்ணி."

எட்டு மாதம் உழைத்தாள். பல் செய்கிற பொருளிலேயே கொம்பு, வேரில் ஈறு நிறம், உடைந்த இடத்தில் மயிரிழை விரிசல்கள். உயரம் எனக்கு இருந்ததால் வேடம் எனக்கு.

மாநாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பப்பா, என்ன கூட்டம்! ஐந்து மந்திரவாதிகள் வரிசையில் நின்று காப்பி வாங்குகிறார்கள். ஒரு ராட்சதன் செருப்பு வார் அறுந்து உட்கார்ந்திருக்கிறான். "ராணி! ராணி! இங்க பாருங்க!" என்று பத்துப் பேர் படம் எடுத்தார்கள். என்னை ஒருவரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. பேருந்தில் "ஏம்மா, நிறுத்து" தான்.

போட்டிக்குப் பெயர் பதிகிற மேசையில் இருந்த பெண் என் தலையையே பார்த்தாள்.

"சூப்பர்ங்க. ஆனா ராணிக்கு உடைஞ்சது இடது கொம்புல்ல? உங்களுக்கு வலது உடைஞ்சிருக்கே?"

எனக்குப் பகீரென்றது. கொம்பைப் பொருத்திய நாளில் நான் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தேன். "எந்தப் பக்கம் உடைஞ்சது வரணும் அண்ணி?" என்று நாத்தனார் கேட்க, மடியில் இருந்த படத்தையும் கண்ணாடியையும் ஒப்பிட்டு "இந்தப் பக்கம்" என்று காட்டியவள் நான்தான். படத்தில் ராணி நம்மைப் பார்த்து நிற்கிறாள். அவளுடைய இடது நமக்கு வலப்பக்கம் தெரியும்; கண்ணாடியில் வலப்பக்கம் தெரிவதோ என் வலதேதான். நாள் முழுக்கக் கண்ணாடி பார்த்தே பேருந்து ஓட்டுகிறவளுக்கு வந்த கதியைப் பாருங்கள்!

கொம்பு இரண்டும் தலைப்பட்டையில் ஒட்டி இறுகிவிட்டவை, பின்பக்கம் வளைந்தவை; கழற்றி மாற்றவும் முடியாது, பட்டையைத் திருப்பி வைக்கவும் முடியாது. மேடைக்கு இன்னும் அரைமணி நேரம்.

"போயிடலாம் அண்ணி," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார். கண்ணில் நீர் முட்டி நின்றது. "அவங்க பார்த்தா, இதுகூடத் தெரியாம செஞ்சிருக்காளேன்னு நினைப்பாங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் வாயை நானே அறைய வேண்டும் போலிருந்தது. அந்த எரிச்சலில் திரும்பினால் எதிரே இன்னொரு ராணி. கொத்துமீசை வைத்த ஆள், அட்டைக் கொம்பு, சமையற்காரர் கை போலத் தழும்பேறிய கை. அவருக்கு மட்டும் சரியாக இடது கொம்பு உடைந்திருந்தது!

"என்னய்யா முறைக்கிற?" என்றேன்.

"நான் எங்கம்மா முறைச்சேன்? ஓட்டல்ல லீவு போட்டு வந்திருக்கேன். காலைலேருந்து எல்லாரும் மீசையைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

அவர் கொம்பைச் சரிசெய்தார். நானும் என் கொம்பைத் தொட்டேன். அவருடைய உடைந்த கொம்புக்கு நேர் எதிரில் என் உடைந்த கொம்பு. அட! அப்படியே கண்ணாடி!

"சமையல்காரரே, ஜோடி சேருறீங்களா?"

மண்டபத்து ஓரத்தில் படம் எடுக்கிற கடையில் ஆள் உயரப் படச்சட்டம் ஒன்று வெறுமையாக நின்றது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். நடுவில் அதைப் பிடித்து நிற்க ஒரு ஆள் வேண்டும்.

"நானா? மேடையிலயா? ஐயோ, மாட்டேன் அண்ணி!"

"நீ பிடிக்கலேன்னா உன் கொம்பு இப்பவே வீட்டுக்குப் போகும். பார்த்துக்கோ."

பிடித்தாள். சட்டத்தின் ஓரக் கட்டைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள். மீசை ராணி இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அவர் கை தூக்கினால் நானும் தூக்கினேன். அவர் மீசையை முறுக்க, நான் இல்லாத மீசையை முறுக்கினேன். மண்டபமே அதிர்ந்தது. கைதட்டலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நடுவர் அம்மாள் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தவர் என் கொம்பருகில் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரிசலை விரலால் மெல்லத் தடவினார்.

"இத யாரு செஞ்சது?"

ஒலிவாங்கி என் முகத்துக்கு நேரே நீண்டது. என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தேவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு மூடினேன். இருபது வருடத்தில் அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததே இல்லை.

சட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

"எப்படிம்மா செஞ்சே?"

நாத்தனார் சட்டத்தை என் கையில் திணித்தாள். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். பொருளைக் கலக்கியதில் தொடங்கி, ஈறு நிறம், விரிசலைக் கீறிய ஊசி என்று விடாமல் சொன்னாள். பக்கம் மாறிப்போன கதையைக்கூடச் சொன்னாள், பழியை நேராக என் தலையில் போட்டு. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

பரிசு வேறு யாருக்கோ போனது. வீடு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தடவை நான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் இருங்க அண்ணி, நான் சொல்லி முடிச்சிடறேன்," என்றாள்.