மூன்றாவது பெட்டியும் ஒரு மூச்சும்

"வந்துச்சா?" என்று அடுக்களையிலிருந்து டோரீன் கேட்டாள்.

"இரு! இன்னும் பிளக்கே சொருகல. அதுக்குள்ள வந்துச்சா வந்துச்சான்னு உயிரை எடுக்காதே," என்று கூடத்தில் தரையோடு தரையாகக் குனிந்திருந்த நெவில் எரிந்து விழுந்தார்.

மூன்றாவது பெட்டி அன்று காலைதான் தபாலில் வந்திருந்தது. கைப்பிடிக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி, முன்பக்கம் ஒரே ஒரு நீல விளக்கு. சிடியில் வெறும் எண்களாகக் கிடப்பதைப் பாட்டாக மாற்றிக் கொடுக்கிற வேலை இதற்கு. அந்த வேலையை சிடி பிளேயரே தன் வயிற்றுக்குள் செய்துகொள்கிறது. ஆனாலும் வெளியே தனியாக ஒரு பெட்டி வைத்துச் செய்தால் பாட்டு இன்னும் தெளியும் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்கிறது, சுத்தப் பொய் என்று இன்னொரு கூட்டம் அடித்துப் பேசுகிறது. அந்தப் பெட்டிக்கு டேக் என்று பெயர். இந்தச் சண்டையில் எத்தனை பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள் என்று எண்ணினால் விரல் போதாது.

நெவில் டாட்டர்சாலுக்கு வயது அறுபத்தெட்டு. ராச்டேலில் பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவர். ஊர் ஹைஃபை கிளப்பில் அவருக்குப் பெயரே 'காது'தான். யார் புது ஸ்பீக்கர் வாங்கினாலும், ஒயர் மாற்றினாலும், "காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

அவரிடம் செல்லோ என்கிற பெரிய வயலின் வாசித்த ஒரு சிடி இருக்கிறது. ஏதோ ஒரு தேவாலயத்தில் வைத்துப் பதிவு செய்தது. அதில் நாலாவது பாட்டு தொடங்கும் முன், வில் தந்தியைத் தொடுவதற்கு அரை நொடிக்கு முன்னால், வாசிக்கிறவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சுதான் நெவிலுக்கு உரைகல். அது கேட்டால் நல்ல சாமான். கேட்காவிட்டால், எத்தனை ஆயிரம் பவுண்ட் கொட்டி வாங்கியிருந்தாலும் அது குப்பை.

இரண்டு வருடமாக அந்த மூச்சு அவர் வீட்டிலேயே கேட்கவில்லை. கொடுமையைப் பாருங்கள்! பிளேயர் கிழடுதட்டிவிட்டது என்று முதல் பெட்டியை வாங்கினார். ஒரு வாரம் கேட்டது, பிறகு போய்விட்டது. இரண்டாவது பெட்டி பத்து நாள் தாங்கியது. ஒவ்வொரு முறையும் டோரீன் "வந்துச்சா?" என்பாள், இவர் "வந்துடுச்சு" என்பார். எது வரவேண்டும் என்று அவர் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. ஜன்னலோரம் வைத்த கையகல ரேடியோவில் வானிலைச் செய்தி கேட்கிறவளிடம் இதையெல்லாம் போய் என்னவென்று சொல்வது என்பது அவர் நினைப்பு.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் டோரீன் ஒரு அட்டையை ஒட்டி வைத்திருந்தாள். காது சோதனை நிலையம், கீழே ஒரு போன் நம்பர். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவர் கண்ணில் குத்தும். கார் விஷயத்தில் வந்த வினை அது. திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் இரண்டு மைல் ஓட்டுவார். "டிக் டிக்குனு அடிச்சுக்குது, கேக்கலையா?" என்பாள் டோரீன். "ரிலே தேஞ்சு போச்சு, சத்தமே வர்றதில்ல," என்பார் நெவில்.

ஆனால் ராத்திரி படுக்கையில் அவர் தனக்குத்தானே ஒரு கணக்கு முடித்து வைத்திருந்தார். இதுதான் கடைசிப் பெட்டி. இதிலும் மூச்சு வராவிட்டால் குறை சாமானில் இல்லை, தன்னிடம்தான். அப்புறம் அந்த நம்பருக்குப் போன் செய்வதைத் தவிர வழியில்லை. காது போய்விட்டால் அப்புறம் 'காது' எங்கே? கிளப்பின் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவது?

பிளக்கைச் சொருகினார். நாலாவது பாட்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார். "டோரீன், வந்துடுச்சு!"

"நல்லதாப் போச்சு. டீ ஆறுது," என்றாள் அவள்.

சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷனுக்கு அடங்கவில்லை. கீத் ஆக்ராய்டுக்குப் போன் போட்டு அளந்தார். கீத்தும் அதே கிளப்தான், மின்சார வாரியத்தில் மீட்டர் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். டேக் என்றாலே அவருக்குச் சிரிப்பு.

"பெட்டியில ஒண்ணுமில்ல நெவில், எல்லாம் மனசுலதான் இருக்கு," என்றார் கீத்.

"உனக்குக் காது இருந்தாத்தானே!"

"அப்ப வியாழக்கிழமை தூக்கிட்டு வா. துணி போட்டு மூடி வெச்சுப் பார்த்துடலாம்."

வியாழக்கிழமை, ஊர் கிரிக்கெட் கிளப்பின் மாடியில் ஹைஃபை கிளப் கூட்டம். ஜூன் மாதம், சாயங்காலம் ஏழு மணிக்கும் வெளியே பளிச்சென்று வெளிச்சம், கூடவே அந்த ஊரின் தீராத தூறல். எட்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டோரீன் வழக்கம்போல முட்டை சாண்ட்விச் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைசி வரிசையில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்தாள். கீத் பிளேயரையும் பெட்டியையும் ஆம்பிளிஃபயரில் மாட்டி, எல்லாவற்றின் மேலும் மேஜை விரிப்பைப் போட்டார். பிறகு ஸ்பீக்கர் ஒயரில் ஒரு மீட்டரை வைத்தார்.

"மீட்டர் எதுக்குய்யா? பாட்டைக் கேக்க வந்தியா, கரண்ட் பில் போட வந்தியா?" என்றார் நெவில்.

"பெட்டி வழியா வர்ற சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, பாரு. சத்தம் கூடினா எல்லாக் கழுதையும் நல்லாத்தான் பாடும். ரெண்டையும் சமமா வெச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

"நான் முப்பது வருஷமாக் கேக்கறேன். எனக்குச் சத்தத்துக்கும் தெளிவுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்சா உனக்கு என்ன பயம்?"

நெவிலுக்கு மண்டைக்கேறியது. என்றாலும் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் நாலாவது பாட்டின் முதல் அரை நிமிஷம். பெட்டியா, வெறும் பிளேயரா என்று எல்லோரும் தாளில் எழுத வேண்டும். நெவில் கண்ணை மூடி மூச்சுக்காகக் காத்திருந்தார். முதல் தடவை இல்லை. 'பிளேயர்' என்று எழுதினார். இரண்டாவது தடவை, ஆகா, இருந்தது! 'பெட்டி'. மூன்றாவதிலும் இருந்தது. நாலாவதில் இல்லை. ஆறாவது வரும்போது சந்தேகம் தட்டிவிட்டது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று தான் நினைத்ததா? சே, என்ன இழவு இது என்று பென்சிலை அழுத்தியதில் முனை ஒடிந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி எழுதி முடித்தார்.

கீத் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒருவருக்கு நாலு சரி, ஒருவருக்கு ஆறு. நெவிலுக்குப் பத்தில் ஐந்து.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே அஞ்சுதான்," என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

"சிரிக்காதீங்கய்யா!" நெவில் எழுந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது. "நான் ஒண்ணும் குருட்டாம்போக்குல எழுதல. மூச்சு வந்ததுக்கெல்லாம் பெட்டின்னு எழுதினேன், வராததுக்கெல்லாம் பிளேயர்னு எழுதினேன். நீதான் துணிக்குள்ள ஏதோ குழப்பி வெச்சிருக்கே கீத்!"

"எதுல வரல?" என்று கீத் கேட்டார்.

"ஒண்ணு, நாலு, அஞ்சு, எட்டு, பத்து. இந்த அஞ்சு தடவையும் வரல."

கீத் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் சாண்ட்விச்சைத் திறந்து உள்ளே இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து தடவையும் வந்துச்சு நெவில்," என்றார் கீத், குரலைத் தணித்து. "பெட்டியிலயும் வந்துச்சு, பிளேயர்லயும் வந்துச்சு. எல்லாருக்கும்தான்."

கடைசி வரிசையில் டோரீன் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த மூச்சு? அந்த மூக்கு உறிஞ்சற ஆளா?" என்றாள். "அடுக்களையில பாத்திரம் கழுவறப்பகூட எனக்குக் கேக்குமே. இந்த மனுஷனுக்கு ஒரு கைக்குட்டை வாங்கித் தர ஆளில்லையான்னு முப்பது வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். அறை ஏன் இப்படிக் கப்சிப் என்று ஆனது என்று டோரீன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

நெவில் பெட்டியைக் கழற்றினார், ஒயரைச் சுருட்டினார். "அடுத்த வாரம் வருவேல்ல?" என்று கீத் கேட்டபோது அவர் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கார் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி நேராக ஓடியது. அரை மைல் போனதும் நெவிலே டாஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். பச்சை அம்பு மினுக்கிக்கொண்டிருந்தது. சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். துடைப்பான் பாதிக் கண்ணாடியில் நின்றது. சாவியைப் பாதி திருப்பி அம்பை மட்டும் எரியவிட்டார்.

"இப்ப டிக் டிக்குங்குதா?"

"ஆமா."

"பொய் சொல்லாதே."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

நெவில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினார். "மூணு பெட்டி! மூணு பெட்டி வாங்கினேன் டோரீன்! அடுக்களையில இருந்து உனக்குக் கேட்டிருக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ எதைத் தேடறேன்னு எங்கிட்ட என்னிக்காவது சொன்னியா? வந்துச்சான்னு கேப்பேன், வந்துடுச்சும்பே. நான் வேறென்ன கண்டேன்?"

நெவில் பின்னால் திரும்பிப் பார்த்தார். தூறல் கண்ணாடியில் வழிந்தது. பெட்டி பின் சீட்டில் மேஜை விரிப்புக்குள் கிடந்தது, அவசரத்தில் கிளப்பின் விரிப்பையும் சேர்த்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"எப்படி உறிஞ்சுவான் அவன்? செஞ்சு காட்டு," என்றார் நெவில்.

"இங்கயா?"

"செஞ்சு காட்டேன்."

டோரீன் அவர் பக்கம் திரும்பினாள். அவள் மூக்கு சுருங்கியது, தோள் கொஞ்சம் உயர்ந்தது. நெவில் அதைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அவர் காதோடு குனிந்து மறுபடி செய்தாள். அவள் தலைமுடி கன்னத்தில் பட்டது.

"வந்துச்சா?" என்று டோரீன் கேட்டாள்.

நெவில் கண்ணை மூடவில்லை.

"வரல," என்றார்.

டோரீன் கையை நீட்டி இண்டிகேட்டரை அணைத்தாள்.