பதினோராயிரம் பச்சைப் புள்ளிகள்

அவசரமில்லை என்றுதானே சொன்னார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, பிறகு நான் எப்படி அதை அவசரம் என்று எடுத்துக்கொள்வேன்... மஞ்சள் ஒட்டுத்தாள் திரையிலிருந்து கழன்று விசைப்பலகைக்கு அடியில் கிடக்கிறது, காலை ஒன்பது இருபதுக்கு என் கையால் எழுதியது, குசாகாபே, மனைவிக்கு வேர்க்காது, இன்று விலக்கு முடியுமா. இப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. மின்தட்டுப்பாடு வராமலிருக்க நான்கு மணிக்கு நான் பொத்தானை அழுத்தினால் எங்களிடம் மின்சாரம் வாங்கும் பதினோராயிரம் வீடுகளில் ஏசி பாதியாகத் தணியும், ஏழு மணிவரை தணிந்தே இருக்கும், வெளியே குமகாயா நகரம் முப்பத்தொன்பது டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவரின் குரல் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. “ஒண்ணும் அவசரமில்லீங்க, உங்களுக்கு ஒழிஞ்ச நேரத்துல பாத்தா போதும். அவ முந்தாநாள்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா. கழுத்துல அடிபட்டதுலேர்ந்து உடம்பு வேர்க்கவே மாட்டேங்குது. சாயந்தரம் ஏசியைக் குறைப்பீங்களே, அதுல எங்க வீட்டை மட்டும்... மத்தவங்களுக்குச் சிரமம்னா வேண்டாங்க.” நான் என்ன சொன்னேன்? படிவம் உண்டு, டாக்டர் கையெழுத்து வேண்டும், மூன்று நாளாகும், தபாலில் அனுப்பிவைக்கிறேன் என்றேன். கடைசியில், எல்லாரிடமும் சொல்வதுபோல, உங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறோம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை, போனைப் பிடித்தபடியே குனிந்து வணங்கியிருப்பார், அந்த மௌனம் எனக்குத் தெரியும், நானும் அப்படி வணங்குகிறவள்தான். வேர்க்காத உடம்பு என்றால் உள்ளே ஏறும் சூடு வெளியே போக வழியே கிடையாது, அவளுக்கு ஏசிதான் வேர்வை, இது காலையிலேயே எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனாலும் அவசரமில்லை என்றாரே...

பிரிவுத் தலைவர் நிஷிமோரியிடம் ஓடினேன். ஓடினேன் என்பது பொய், எங்கள் அலுவலகத்தில் யாரும் ஓடுவதில்லை, வேகமாக நடந்தேன். அவர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “டாக்டர் சீட்டு வரலையே ஓகினோ. வேணாம்னா அவங்களே விலகிக்கலாம், போன்ல ஒரு பொத்தான், அதுக்குத்தானே வச்சிருக்கோம்?” வைத்திருக்கிறோம், ஆனால் இந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டது குசாகாபேயின் மகன், மகன் இருப்பது வடக்கே சப்போரோவில், பொத்தானும் அவன் கைப்பேசியில், இவர் வீட்டில் பழைய தொலைபேசி மட்டும்தான். “அப்ப கூப்பிட்டுப் பேசு. ஆனா நாலுக்கு நாலுதான், ஒரு நிமிஷம் பிந்தினா மேலேர்ந்து என்னைத்தான் வறுப்பாங்க.” சிரித்தார். போன வாரம் பதினோராயிரம் பேரில் விலகியது மூன்றே பேர், அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார், நம்ம ஜனங்க தங்கம், தங்கம் என்று. விலகும் வீடு என் திரையில் சிவப்புப் புள்ளியாகும், ஒத்துழைக்கும் வீடு பச்சை. தெருவே பச்சையாக இருக்கும்போது தான் மட்டும் சிவப்பாக எவருக்கு மனம் வரும், நீங்கள் சிவப்பு என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை, இருந்தாலும் வராது. ஐந்தாம் வகுப்பில் வெயிலில் வரிசையாக நிற்கவைத்துத் தலைமையாசிரியர் பேசிக்கொண்டே போனார், யாருக்காவது முடியவில்லையா, கை தூக்குங்கள் என்றார், ஒரு கையும் எழவில்லை. என் பக்கத்தில் நின்ற அத்சுகோ உதடு வெளுத்துப்போய் நின்றாள், முடியலையாடி என்று கேட்டேன், பரவாயில்லை என்று சிரித்தாள், சிரித்த முகத்தோடேயே விழுந்தாள், முன்பல் உடைந்தது. அவளுக்காக நான் கை தூக்கியிருக்கலாம்... குசாகாபே வீட்டில் தொலைபேசி அடிக்கிறது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எடுக்கவில்லை. மூன்று ஐம்பத்தொன்பது. எடுங்களேன் ஐயா, மாடியில் இருக்கிறீர்களா, காது கேட்காதா, எடுங்கள். நான்கு. அழுத்திவிட்டேன். விரல்தான் அழுத்தியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வரைபடத்தில் பச்சை மழைபோல இறங்குகிறது, தெரு தெருவாக, ஒரு சிவப்புகூட இல்லை. நிஷிமோரி ஜன்னலோரம் நின்று மேலிடத்துடன் போனில் பேசுகிறார், முதுகு இந்தப் பக்கம், பேசிக்கொண்டே வணங்குகிறார். குசாகாபே வீட்டைத் திரையில் திறந்து பார்த்தேன், ஓடும் மின்சாரம் பூஜ்யம் புள்ளி ஒன்று கிலோவாட். பாதியாகக் குறைப்போம் என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறோம், இது ஒரு மின்விளக்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும்தான் காணும்... ஏதோ கோளாறா, அடியோடு நிறுத்திவிட்டேனா? ஒரு வீட்டை மட்டும் விடுவிக்க இரண்டு அட்டைகள் வேண்டும், என்னுடையதும் நிஷிமோரியுடையதும். அவருடையது மேசைமேல் கிடக்கிறது, காபிக் கோப்பைக்குப் பக்கத்தில், கயிறு சுருண்டபடி. பத்தொன்பது வருட வேலையில் அடுத்தவர் பேனாவைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை நான். எடுத்தேன். இரண்டு தடவை தவறாகத் தேய்த்து மூன்றாவதில் ஏற்றுக்கொண்டது, விடுவிக்கப்பட்டது என்று எழுத்து வந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். எண் அசையவில்லை. பூஜ்யம் புள்ளி ஒன்று. ஒரு நிமிடம் காத்திருந்தேன், இரண்டு நிமிடம், அதே எண். அந்த வீட்டு மின்சார வரைகோட்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன், காலையிலிருந்து சீராக ஓடிய கோடு மூன்று முப்பத்தொன்றுக்கே விழுந்திருக்கிறது. நான் அழுத்துவதற்கு அரை மணி முன்னால். அப்படியென்றால் நான் நிறுத்தவில்லை, அவரே நிறுத்திவிட்டார், தன் கையால், ஒத்துழைப்பை வேண்டுகிறோம் என்று நான் சொன்னேனே, முடியாது என்பதை இவள் மரியாதையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு... ஐயோ. இந்த அறையிலிருந்து எந்த வீட்டு ஏசியையும் தணிக்க முடியும். அணைந்ததை ஏற்றிவிட மட்டும் வழி வைக்கவில்லை, அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுபடி எண்ணைச் சுழற்றினேன், எட்டாவது மணியில் எடுத்தார், மூச்சு வாங்கியது. “அடடா, நீங்களே கூப்பிட்டீங்களா, உங்க வேலையைக் கெடுத்துட்டனே. பரவாயில்லீங்க, நாங்க மூணரைக்கே நிறுத்திட்டோம். ஈரத்துண்டு போட்டு விசிறிக்கிட்டிருந்தேன், அதான் முன்னாடி மணி அடிச்சப்போ எறங்கி வர முடியல. மொதல்ல கொஞ்சம் முனகிட்டிருந்தா, இப்ப அமைதியாத் தூங்குறா.” தூங்குகிறாள். எது தூக்கம்? எனக்குள் எதுவோ அறுந்தது, இருபத்திரண்டு பேர் இருக்கும் அறையில் எழுந்து நின்று கத்தினேன். “ஏசியைப் போடுங்க ஐயா! இப்பவே போடுங்க! அவங்களை எழுப்புங்க, கண்ணைத் திறக்கலேன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்! ஓடுங்க, போனை வைக்காதீங்க!” தட்டச்சுச் சத்தம் நின்றது, எல்லாத் தலைகளும் திரும்பின. தொலைபேசியில் படியேறும் கால்கள், கிழட்டுக் கால்கள், இவ்வளவு மெதுவாகவா... கதவு. படிக்கட்டுக்கு மேலிருந்து பீப் என்று ஒரு சின்னச் சத்தம். திரையில் எண் பூஜ்யம் புள்ளி ஒன்பது, பிறகு ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு, ஓடுகிறது, ஓடட்டும். தூரத்தில் மனைவியைக் கூப்பிடுகிறார், ஃபுமியே. ஃபுமியே. என் கையில் அத்சுகோவின் கை இருப்பதுபோல மேசை விளிம்பை இறுக்கிக்கொண்டேன். ஃபுமியே, ஏய் ஃபுமியே, கண்ணைத் தொற. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம், நூலாக, எரிச்சலோடு ஒரு பெண் குரல். “யாருங்க போன்ல? மின்சாரக்காரங்களா? பாவம், அவங்களுக்குச் சிரமம் குடுக்காதீங்க.”

உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை. ஈரத்துண்டை மாற்றச் சொல்ல வேண்டும், உடம்புச் சூட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும், டாக்டருக்குப் பேசச் சொல்ல வேண்டும், அவர் திரும்பப் படியிறங்கி வரட்டும். திரை முன்னாலேயே இருக்கிறது. பதினோராயிரம் பச்சை, நான் விடுவித்த ஒன்றைத் தவிர ஒரு சிவப்புகூட இல்லை, மணி நான்கு இருபது, இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம். பச்சை என்றால் அந்த வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் இத்தனை கோடையாக நினைத்துவந்தேன். இவற்றில் எத்தனை வீட்டில் யார் யார் விசிறிக்கொண்டிருக்கிறார்கள்? நிஷிமோரி பக்கத்தில் வந்து நிற்கிறார், தன் அட்டை என் மேசையில் கிடப்பதைப் பார்க்கிறார், பிறகு என் முகத்தை. “ஓகினோ... என்னாச்சு உனக்கு? முடியலையா?” என்று கேட்கிறார், கரிசனமாகத்தான் கேட்கிறார். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து நிற்கிறது, எல்லா வீட்டையும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்போம் என்று... அதற்குள் என் இடுப்பு குனிகிறது, வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, “ஒண்ணுமில்ல சார். பரவாயில்ல.”