இரும்பு மண்வெட்டி

அகில உலகத்துக்கும், குறிப்பாக இலக்கியம் இன்னும் மூச்சுவிடுகிறது என்று நம்பும் சிறுபான்மையினருக்கும் அறிவிப்பது யாதெனில், அமெரிக்காவின் அந்த மகத்தான நாவல் நான்காவது முறையாகவும், முதல் முறையாக உண்மையாகவும் படமாகிறது. நியூ மெக்சிகோ பொட்டலில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று இதைச் சொன்னவர் இயக்குநர் ஆல்டன் விட்லாக். கேட்டவர்களில் பாதிப் பேருக்குக் கண் சாப்பாட்டு வண்டியில் இருந்தது.

வெர்னன் டகெட்டின் கண் மட்டும் மண்வெட்டியில் இருந்தது.

நாவலில் ஈனாக் என்ற தம்பி, கிணற்றுத் தகராறில் ஜூடா என்ற அண்ணனைக் கொல்கிறான். ஆசிரியர் அந்தக் கொலைக்குச் செலவழித்தது ஒரே ஒரு வாக்கியம். தம்பி மண்வெட்டியை எடுத்தான், அன்றிரவு மேசையில் ஒரு தட்டு குறைந்தது. சினிமாக்காரர்களுக்கு இது ஆசிரியரின் மறதியாகப் பட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவரில் நிழலாக ஓர் அடி வைத்தார்கள். வண்ணம் வந்ததும் மூன்று அடி. மூன்றாவது படத்தில் ஏழு அடியும் ஒரு குடம் ரத்தமும். ஜூடாவுக்கு டூப் போட்டு அந்த ஏழு அடியையும் வாங்கிக்கொண்டவன் வெர்னன்தான். அப்போது இளவயது, ரப்பர் மண்வெட்டி. இப்போதும் ஜூடாவுக்கு அவனே டூப், வயது ஐம்பத்திரண்டு. மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

“டோரீன், இது இரும்பு.”

ஸ்டண்ட் மாஸ்டர் டோரீன் அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “தெரியும் வெர்ன். ஆல்டன்கிட்ட கத்திப் பாத்துட்டேன். ரப்பர் இலக்கியத்துக்கு அவமானமாம்.”

“என் மண்டைக்கு?”

“அதப் பத்தி நாவல்ல ஒண்ணும் இல்லையாம். ஈனாக் தரையிலதான் அடிப்பான், ஒத்திகை பாத்தோம்ல. ஏடாகூடமா ஏதாச்சும் ஆச்சுன்னா கையத் தூக்கு, நிறுத்திடறேன்.”

ஈனாக்காக நடித்தவன் கேஜ் ராம்ஸ்டெட். நடித்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், வாழ்ந்தான். ஆறு வாரமாகக் குளிக்கவில்லை, தொழுவத்தில் படுத்தான். ஈனாக் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். வெர்னன் காலை வணக்கம் சொன்னால் காலடியில் துப்புவான்.

“கேஜ், எனக்கு இடது பக்கம் தரையில அடிக்கணும், ஞாபகம் வச்சுக்கப்பா.”

“கேஜ் யாரு?”

“சரி, ஈனாக். இடது பக்கம்.”

“அப்பன் செத்தன்னைக்கு கிணத்த அமுக்கினியே, அப்ப இடம் வலம் பாத்தியா?”

“நான் இருக்கிறது வாடகை வீடுப்பா. அதுல குழாயே ஒழுங்கா வராது.”

வெர்னனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சாயங்காலம் உயிரோடு, முடிந்தால் பற்களோடு, வீடு திரும்ப வேண்டும். திருப்பி அடிக்கவும் வழியில்லை. கதாநாயகன்மேல் கை வைத்த டூப்பை அப்புறம் எந்தப் படத்திலும் சேர்க்கமாட்டார்கள். அடிவாங்குவதைத் தவிர அவன் வேறு தொழில் கற்றவனில்லை.

“ஆக்‌ஷன்!”

முதல் அடி தரையில் விழுந்தது. இரண்டாவது விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ சுள்ளி ஒடிந்த மாதிரி சத்தம். வெர்னன் கையைத் தூக்கினான்.

“கட்! கட்!” என்று டோரீன் அலறினாள்.

“கேமராவ நிறுத்தினவனுக்கு வேலை காலி!” என்றார் ஆல்டன். “அந்தக் கையப் பாருங்க! மன்னிப்புக் கேக்குது!”

மன்னிப்புக் கேட்ட கையின் தோள்பட்டையை மூன்றாவது அடி உடைத்தது. நான்காவது வாயோரம் விழுந்தது. மணலில் ரத்தமும் அதில் மூன்று பற்களும் கிடந்தன. ஓடிவந்த டோரீனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் மூக்கை அவள் தலையாலேயே முட்டி உடைத்தாள்.

“நான் ஜூடா இல்லடா, வெர்ன்டா!”

“வசனத்த மாத்துறான்,” என்று ஆல்டன் கண்களைத் துடைத்துக்கொண்டார். “பரவால்ல, விடுங்க. சாகும்போது தான் யாருன்னே தெரியல. என்ன ஒரு ஆழம்!”

மண்வெட்டி மறுபடி உயர்ந்தது. இந்தமுறை தட்டையாக இல்லை. விளிம்பு நேராக அவன் நெற்றியைப் பார்த்தது. வெர்னனுக்குத் தொழில் மறந்துபோயிற்று. உருண்டு, கேஜின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். விழுந்தவனிடமிருந்து நல்ல கையால் மண்வெட்டியைப் பிடுங்கி அவன் முழங்காலில் போட்டான் ஒரு போடு.

“ஐயோ! நான் கேஜ்! விடுய்யா, நான் கேஜ்!”

“கேஜ் யாரு?” என்று கேட்டுவிட்டு வெர்னன் தாடையில் போட்டான்.

ஆல்டன் முழந்தாளிட்டார். “அண்ணன் தம்பியக் கொன்னுட்டான். இத்தன காலமா எல்லாரும் அந்த நாவலத் தப்பாப் படிச்சிருக்கோம்.”

இருவரும் ஒரே ஆம்புலன்ஸில் போனார்கள். கேஜ் வழக்குப் போடவில்லை. கம்பி போட்டுக் கட்டிய தாடை விருதுக்கு உதவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பேட்டிகளில் தழும்பைக் காட்டினான். ஒரு பேராசிரியர், ஆசிரியரின் ஆன்மா அந்த அடிகளில்தான் பேசுகிறது என்று, படம் பார்க்காமலே, நீண்ட கட்டுரை எழுதினார். வெர்னனை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போகட்டும், அந்தக் காட்சி நிற்கும், அது போதும் என்று கடனாக வாங்கிய கோட்டும் புதுப் பல்செட்டுமாக டோரீனுடன் முதல் காட்சிக்குப் போனான்.

படம் நீளமாக இருந்ததால் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.