ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபச் சீட்டு

ஜெபச் சீட்டு எழுத உட்கார்ந்தால் ஆண்டவர் யோசிப்பதற்கு நான் எதையும் மிச்சம் வைப்பதில்லை. என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், யார் மூலமாகச் செய்தால் சுலபம் என்பதுவரை எழுதிவிடுவேன். "நீ ஜெபம் பண்றியா, ஆர்டர் போடறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். அளவைச் சரியாகச் சொல்லாதவர்களிடம் நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அந்த வாரச் சீட்டில் இன்னும் கொஞ்சம் விவரம் கூடுதலாகவே இருந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே ஊர். இப்போது ரயிலில் ஒன்பது மணி நேரம் போகவேண்டிய ஓர் ஊரில் கம்பெனி பயிற்சி மையம் திறந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கிருந்து ஒருவரை அனுப்பவேண்டும். இவர் பெயரும் இன்னொரு மெக்கானிக்கின் பெயரும் பட்டியலில் இருந்தன. முடிவு புதன்கிழமை. அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு அங்கேயே வைத்துக்கொள்வார்களா, திரும்ப அழைப்பார்களா, ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

எனக்குப் போக மனமே இல்லை. இந்த ஊரில் நான் அளவெடுக்காத தெரு இல்லை. பன்னிரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பிடித்த வாடிக்கை. மகள் விடுதியில் தங்கிப் படிப்பதால் அவள் படிப்பைக் காரணம் காட்டவும் வழியில்லை. அதனால் நேராக ஆண்டவரிடமே போனேன். 'மேலாளர் மனம் மாறவேண்டும். என் கணவருக்குப் பதிலாக மற்றவரை அனுப்பவேண்டும். அவர் கல்யாணம் ஆகாதவர், அவருக்குச் சிரமம் இருக்காது.' பெயர் போடாமல் மடித்துச் சபையின் ஜெபப் பெட்டியில் போட்டேன். தினமும் காலையில் முழங்காலில் நின்று அதையே நினைவுபடுத்தியும் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். என்னுடையதை வாசித்ததும் சபை முழுவதும் "ஆமென்" என்றது. அடுத்த சீட்டைப் பிரித்தார்.

"ஒரு குடும்பத்தில் எதிர்பார்க்கும் இடமாற்றம் தடையில்லாமல் கிடைக்கவேண்டும். அதற்கு வீட்டில் உள்ளவர்களின் மனதை ஆண்டவர் இளக்கவேண்டும்."

சபை அதற்கும் அதே சத்தத்தோடு "ஆமென்" என்றது. பாஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. சபையில் இடமாற்றத்துக்குக் காத்திருந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அப்படியானால் இது எங்களோடு இருக்கும் என் மாமியார் வேலை. பயிற்சி மையம் இருக்கும் அந்த ஊரில்தான் அவருடைய மகள் இருக்கிறாள். போதாததற்கு என் மனதை இளக்கவேண்டுமாம்! என் மனம் என்ன கருங்கல்லா?

வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தேன். மாமியார் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பாத்திரம் உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?"

"மனசு இளகணும்னு எழுதிப் போடறதுக்குப் பதிலா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, அத்தை."

"நானா? நான் சீட்டே எழுதலையேம்மா. எனக்குக் கிட்ட இருக்கற எழுத்தே கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப யாரு எழுதினது? நம்ம வீட்டு விஷயம் ஊருக்கா தெரியும்?"

"நான்தான்," என்றார் வாசற்படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துணி காயப்போட வேண்டும் என்று பின்பக்கம் போய்விட்டார். ஈரத் துணி எதுவும் அன்று வீட்டில் இல்லை.

என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன வருஷம் அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துல சர்வீஸ் பார்த்துட்டு இருந்தேன். லிஃப்ட் கூண்டுக்கு மேல நின்னுதான் பார்க்கணும். திடீர்னு கூண்டு வழுக்கிக் கீழ இறங்கிருச்சு. அரை மாடிதான். பிரேக் பிடிச்சுக்கிச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ. அப்புறம் வெட்கமாயிருச்சு. அன்னைலேர்ந்து கூண்டு மேல கால வச்சாலே கை நடுங்குது. இருபது வருஷ மெக்கானிக், இத யார்கிட்ட போய்ச் சொல்றது? அங்க போனா தரையில நின்னு சொல்லிக்கொடுக்கலாம். சீட்டுல பேரு போட வேண்டாமே, அதான் எழுதிட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகத் தினமும் முழங்காலில் நின்று, இந்த மனிதரைத் திரும்பவும் அந்தக் கூண்டின் மேல் ஏற்றிவிடும்படி ஆண்டவரிடம் கெஞ்சியிருக்கிறேன். நல்லவேளை, ஆண்டவர் என்னைப்போல ஆர்டர் எடுத்தவுடன் துணியை வெட்டிவிடுகிறவர் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "இருங்க. இப்பவே முட்டி போட்டு மாத்திக் கேக்கறேன். மேலாளர் உங்களைத்தான் அனுப்பணும், அந்த இன்னொருத்தருக்கு வேற..."

"மறுபடியும் ஆரம்பிக்காத," என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "என் பேரு வந்தா போவோம். வரலைன்னா நானே மேலாளர்கிட்ட போய் உள்ளதச் சொல்லிடறேன். உன்கிட்ட சொல்லியாச்சுல்ல, அவர்கிட்ட சொல்றதா கஷ்டம்?"

இருவரும் சமையலறையிலேயே முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியலை. உங்களுக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னேன். இவ்வளவு சின்ன ஜெபத்தை நான் பண்ணியதே இல்லை. ஏதோ குறைகிறதோ என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. இவர் பெயர்தான். சந்தோஷமும் வந்தது, பின்னாலேயே பழைய பயமும் வந்தது. என் அளவு நாடாவைச் சுருட்டி முதல் பெட்டியில் வைக்கும்போது கொஞ்சம் அழுதேன், அதை ஏன் மறைக்கவேண்டும்?

இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் காலையில் சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போகிறார். எனக்குத் திரைச்சீலை தைக்க இதுவரை இரண்டு வீடுதான் கிடைத்திருக்கிறது. நேற்று மாலை மாமியார் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, வருஷம் முடிஞ்சா என்ன பண்ணப்போறோம்?"

"தெரியல, அத்தை," என்றேன். என் குரலில் ஒரு பதற்றமும் இல்லாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"எனக்கும் தெரியல. டீ ஆறுது, குடி."