பெரிய வார்த்தை

சிரிப்பு கடைசி வரிசையிலிருந்துதான் கிளம்பியது. முதலில் ஒரு வயதானவரின் தொண்டைச் சிரிப்பு, இருமல் மாதிரி. அடுத்து அவருக்குப் பக்கத்தில் யாரோ. பத்து விநாடிக்குள் சோலோ நகரத்தின் அந்தத் தியேட்டர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. திரையில் ராராஸ் செத்துக்கொண்டிருந்தாள்.

பலூபி இருட்டில் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பக்கத்தில் அவள் கணவர் சுபாக்யோவும் சிரித்துவிட்டார். மனைவியின் பெயர் இந்தப் படத்தில் வரும் என்பது ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சரம்மா," என்று கிசுகிசுத்தார், "அந்தப் பொண்ணு 'சரே'ன்னா சொல்லுச்சு?"

"ம்."

"உங்க கிளாஸ் பசங்க பேப்பர்ல எழுதுற மாதிரியே."

முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அவள் சிவப்பு மையால் சுழித்துவரும் தப்பு அது. தன்னைப் பற்றிச் சொன்னால் 'திலெம்', தூங்குகிறேன். பெரியவர்களைப் பற்றிச் சொன்னால் 'சரே', பள்ளிகொள்கிறார்கள். ஜாவா பாஷையில் மரியாதை என்பது அடுத்தவருக்குக் கொடுப்பது. தனக்குப் போட்டுக்கொண்டால் கிரீடத்தைத் தானே தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்த மாதிரி. ஜகார்த்தாவில் வளர்ந்த பிள்ளைகள் அதிகப் பணிவு காட்டப்போய்த்தான் இதில் விழுவார்கள். இருப்பதிலேயே பெரிய வார்த்தையைத் தேடிப் பிடித்துத் தன் மேலேயே போர்த்திக்கொள்வார்கள்.

திரையில் ராராஸ், நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜமீன் வீட்டின் வேலைக்காரி, கோரைப்பாயில் படுத்து, கடைசி மூச்சில் சொன்ன வாக்கியம் இதுதான்: "போதும். நான் பள்ளிகொள்ளப் போகிறேன்."

வியாழக்கிழமை வெளியீட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. முந்தின நாள் ஜகார்த்தாவில் நடந்த முன்காட்சியில் இதே இடத்தில் அரங்கமே அழுததாம். இயக்குநர் ஹண்டோகோவின் படம் என்றால் அங்கே அழத் தயாராகவேதான் வருவார்கள். வெளிநாட்டில் மூன்று விருது வாங்கியவர். ஆனால் அங்கே அவர்கள் படித்தது திரைக்குக் கீழே ஓடிய எழுத்தை. சோலோவில் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. காதால் கேட்டார்கள். சிரித்தார்கள்.

பெயர்ப்பட்டியல் ஓடியது. 'ஜாவா மொழி ஆலோசகர்: ரெத்னோ பலூபி'. முன்வரிசையில் ஒருத்தன் கைதட்டினான். மரியாதைக்கா, நக்கலுக்கா என்று தெரியவில்லை.

வெளியே கூடத்தில் அதற்குள் செல்போன்களை நீட்டிக்கொண்டு நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வாசலில் வருகிறவர்களை மடக்கி, படம் எப்படி என்று கேட்டு, அடுத்த நிமிஷமே ஊருக்கு அனுப்பிவிடுகிறவர்கள்.

"கண்ணுக்கு விருந்து, காதுக்குக் காமெடி!"

"மூணு மணி நேரம் பொறுமையா உக்காந்திருந்தேன் சார். கடைசியில பள்ளிகொண்டுட்டாங்க மகாராணி!"

"ஜகார்த்தாப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து ஜாவா பேசச் சொன்னா இப்படித்தான். வாயில நுழையலைன்னா ஊமையா நடிக்க வேண்டியதுதானே?"

சிரிப்பு, அதற்கு மேல் சிரிப்பு. பலூபிக்குக் கால் வலித்தது. ஒரு தூணில் சாய்ந்துகொண்டாள். சுபாக்யோ தேநீர் வாங்கி வருகிறேன் என்று நழுவினார்.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஏழு வாரம், பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பைக்கில் போய், கிளாத்தென் ஊர் பக்கத்தில் படப்பிடிப்பு நடந்த பழைய மாளிகையில் மாலை வரை உட்கார்ந்திருப்பாள். அன்று ஒன்பதாவது முறையாக அந்தக் காட்சியை எடுத்தார்கள். ராராஸாக நடித்த மெய்ராவுக்குக் காய்ச்சல். இருபத்துநான்கு வயசுப் பெண், பாயில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நடுக்கத்தைத்தான் ஹண்டோகோ எட்டு முறையும் எதிர்பார்த்திருந்தார். முடிந்ததும் அவர் எழுந்து நின்று, "அற்புதம்!" என்றார். அவர் சுரபாயாக்காரர், அந்த ஊர் ஜாவா பாஷை சோலோக்காரர்களுக்குச் சந்தைக் கூச்சல். அதனால் அவள் பக்கம் திரும்பி, அம்மா என்கிற மரியாதைச் சொல்லால் கேட்டார். "இபூ, பாஷை சரியா?"

பலூபி செருப்பைக் கழற்றி வீங்கிய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் திருத்தாத அறுபது விடைத்தாள் இருந்தது. காதில் 'சரே' விழுந்தது. விழுந்துவிட்டதுதான் உண்மை. தப்பு என்றால் பத்தாவது முறை. அந்தப் பெண் இன்னொரு முறை சாக வேண்டும். இவளும் இன்னொரு மணி நேரம் உட்கார வேண்டும். பின்னால் குரல் சேர்க்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாளா, எதுவுமே நினைக்கவில்லையா என்பதுதான் இப்போது தெரியவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

குரல் சேர்க்கும் நாளில் அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை.

"இபூ."

மெய்ரா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முகமூடி, தொப்பி. கண் மட்டும் தெரிந்தது, சிவந்திருந்தது.

"நான் தப்பாவா சொன்னேன்? நீங்க நல்லா இருக்குன்னுதானே விரல் காட்டினீங்க?" குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நான் எத்தனை தடவை மனப்பாடம் பண்ணேன் தெரியுமா. 'திலெம்'னுதான் பண்ணேன். அன்னைக்குக் காய்ச்சல்ல எது வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. எங்கம்மா போன் பண்ணி அழுறாங்க. என்னைக் கழுதைன்னு எழுதுறாங்களாம்."

"சாப்பிட்டியா?" என்றாள் பலூபி.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அப்போதுதான் வாசல் பக்கம் ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. நாற்பது வயசிருக்கும், துணி வெளுக்கும் கடை ஒன்றின் பெயர் அச்சடித்த சட்டை. முன்காட்சிக்கு எப்படியோ ஒரு சீட்டு கிடைத்து வந்தவள். செல்போன்காரன் அவளிடமும் வேடிக்கையாகத்தான் கேட்டான்: "அக்கா, நீங்களும் சிரிச்சீங்களா?"

"நான் எதுக்குச் சிரிக்கணும்? நான் அழுதேன்."

"அந்த இடத்துலயா?"

"அந்த இடத்துலதான். ஆயுசு பூரா அவ அடுத்தவங்களுக்குத்தானே பெரிய வார்த்தை போட்டா? ஐயா பள்ளிகொள்றார், அம்மா அமுது செய்றாங்கன்னு. சாகுற அன்னைக்கு ஒரே ஒரு தடவை தனக்குப் போட்டுக்கிட்டா. கேக்க அவ்வளவு சிரிப்பா இருக்கா உங்களுக்கு?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சவங்க எல்லார் வீட்டுலயும் வேலைக்கு ஆள் இருக்கும். போய்யா."

பலூபி தூணிலிருந்து நிமிர்ந்தாள். இலக்கணம் தப்பு. அந்தப் பெண் சொன்னதோ சரி. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொள்ள இடம் போதவில்லை.

அந்தச் சின்ன வீடியோ ஒரு மணி நேரத்தில் காட்டுத்தீயானது. மாலைக் காட்சிக்கு முன்னால் ஹண்டோகோ முகமெல்லாம் பல்லாக அவளைத் தேடி வந்தார்.

"பார்த்தீங்களா இபூ? அதேதான்! அதைத்தான் நான் நினைச்சேன்!"

"நீங்க நினைச்சீங்களா சார்?"

"மனசுக்குள்ள இருந்திருக்கும். இல்லாம அந்தக் காட்சி எனக்கு எப்படிப் பிடிச்சது?" அவர் பொய் சொல்லவில்லை; அதுதான் சங்கடம். அரைமணி நேரத்தில் உண்மையாகவே நம்ப ஆரம்பித்திருந்தார். "படம் முடிஞ்சதும் மேடையில பேசப்போறோம். நான் சொன்னா சமாளிக்கிறான்னு சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க. வேணும்னேதான் வெச்சோம்னு ஒரு வார்த்தை. சோலோ டீச்சர் சொன்னா சோலோ வாயை மூடிக்கும். இந்தப் பொண்ணும் பிழைச்சுப்பா."

மெய்ரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணும்னேதானா இபூ?" அந்தக் கேள்வியில் அப்படி ஓர் ஆசை. நான் கழுதை இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்கிற ஆசை.

ஒரு வார்த்தைதான். எல்லாருக்கும் நல்லது. பலூபிக்கு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. படுத்தால் மட்டும் தூக்கம் வந்துவிடுமா?

மாலைக் காட்சியிலும் சிரித்தார்கள். வீடியோ பார்த்துவிட்டு வந்த சிலர் சிரித்தவர்களை அதட்டினார்கள். விளக்கு எரிந்தது. மேடையில் மூன்று நாற்காலி. மத்தியானம் கடைசி வரிசையில் முதலில் சிரித்த பெரியவர் இந்தக் காட்சிக்கும் வந்திருந்தார். பாத்திக் சட்டை, வெள்ளை முடி. எழுந்து, பட்டு விரித்த மாதிரி ஜாவாவில் கேட்டார்:

"அடியேனுக்கு ஒரு சந்தேகம். 'சரே' என்பது அறியாமல் வந்ததா, அறிந்தே வைத்ததா? ஆலோசகர் அம்மையார் அருளிச்செய்ய வேண்டும்."

ஹண்டோகோ மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது நாற்காலியிலிருந்து மெய்ரா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பு," என்றாள் பலூபி. "தப்பு என்னோடது. பேப்பர்ல 'திலெம்'னுதான் எழுதிக் கொடுத்தேன். இந்தப் பொண்ணு காய்ச்சல்ல மாத்திச் சொன்னா. என் காதுல விழுந்துச்சு. டைரக்டர் கேட்டாரு, சரின்னு விரல் காட்டினேன். எனக்கு அன்னைக்கு அசதியா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. அவளைத் திட்டாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தலையைத் தாழ்த்திவிட்டு உட்கார்ந்தார். வேறொருவர், "அப்போ மாத்திடுங்க," என்று குரல் கொடுத்தார். வியாழக்கிழமைக்குள் குரலை மட்டும் மாற்ற முடியும் என்றார் ஹண்டோகோ, பல்லைக் கடித்துக்கொண்டு. மேடையை விட்டு இறங்கும்போது அவள் காதோரம், "நாளைக்குக் காலைல ஸ்டுடியோவுக்கு வாங்க. எந்த வார்த்தைன்னு நீங்களே உக்காந்து முடிவு பண்ணுங்க. விரலெல்லாம் வேணாம், கையெழுத்துப் போடுங்க," என்றார். மெய்ரா பலூபியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள், இறங்கிய பிறகும் விடவில்லை.

வாகன நிறுத்தத்தில் சுபாக்யோ பைக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெளுப்புக்கடைச் சட்டைக்காரி எதிரே வந்து நின்றாள். கையில் ஹெல்மெட்.

"இபூ, உள்ள நீங்க பேசினதைப் போன்ல காட்டினாங்க. அப்போ அவ தனக்குப் போட்டுக்கலையா? வாய் தவறித்தான் வந்துச்சா?"

"ஆமாம்மா."

அந்த முகத்திலிருந்து எதுவோ இறங்கிப் போனது. கோபமில்லை. கொடுத்த பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி.

"மாத்திடுவீங்களா?"

"காலைல போறேன். இன்னும் தெரியல."

"என் புருஷனையும் வியாழக்கிழமை கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்." அவள் ஹெல்மெட்டின் வாரைத் திருகினாள். "நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது என்று சொல்ல பலூபி வாயைத் திறப்பதற்குள் அவள் வண்டியைக் கிளப்பியிருந்தாள்.

வெளிச்சாலையில் சிவப்பு விளக்கு. கம்பத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன: நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது. பத்து இருபது பைக்குகளுக்கு நடுவே அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே ஏற்றியிருந்தது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பலூபி ஒரு படி முன்னால் போய், கண்ணை இடுக்கி, அந்த வாயையே பார்த்தாள். சொல்லிப் பார்ப்பது 'சரே'யா, 'திலெம்'மா, இங்கிருந்து கேட்கவில்லை. பன்னிரண்டு, பதினொன்று. எல்லா வண்டிகளும் ஒன்றாக உறும ஆரம்பித்தன.