லோவெல் பெரிய எழுத்தில் எழுதியவை

லோவெல் ஹாஸ்கே இறந்து ஆறு நாளாகிவிட்டது. நாளை, வெள்ளிக்கிழமை மாலை, லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் காபியும் ஹாட்டிஷ் என்கிற ஊர்ச் சாப்பாடும் வைத்து அவரை நினைவுகூரப் போகிறார்கள். லோவெல் தங்களுக்கு எழுதிய ஒரு வரியை ஆளுக்கொன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆபீஸில் ஏற்பாடு. வெர்னாவைத் தவிர எல்லோரும் தேடி எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி அது. ஒன்பது வருடமாக அவருக்குப் பக்கத்து மேசை வெர்னாவுடையது. ஒரு வரிகூடவா இருக்காது?

பழைய அரட்டையெல்லாம் ஒரே கோப்பாகக் கிடந்தது. ரெஜெக்ஸ் என்கிற தேடல் வரியை எழுதினாள்: அனுப்பியவர் லோவெல், வரியில் எங்காவது வெர்னா. பூஜ்யம் என்று வந்தது. மறுபடி ஓட்டினாள். அதே பூஜ்யம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐம்பத்தொரு வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோட்டை மாட்டிக்கொண்டே, கூட வேலை பார்க்கும் டாரெல் எட்டிப் பார்த்தான்.

"இன்னுமா தேடுற? எங்கிட்ட நூறு இருக்கு, ஒண்ணு தரட்டுமா?"

"எனக்கு அவர் எதுவுமே எழுதல போல, டாரெல்."

"ஐ போட்டியா?"

"நான் அதைப் போடமாட்டேன்னு ஊருக்கே தெரியுமே."

"அம்மா தாயே! அந்த மனுஷன் என்னைக்குச் சின்ன எழுத்துல அடிச்சிருக்கார்?" சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

ஆங்கில எழுத்தில் பெரியது, சிறியது என்று இரண்டு உருவம். தேடலின் வாலில் 'ஐ' என்று ஓர் எழுத்தை ஒட்டினால் கம்ப்யூட்டர் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது. வெர்னாவுக்கு அது ஆகாது. யாருடைய நிரலில் கண்டாலும் வெட்டிவிட்டு, 'சோம்பேறித்தனம்' என்று குறிப்பெழுதுவாள். லோவெல்லுடையதில் மட்டும் முப்பது தடவையாவது வெட்டியிருப்பாள். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

இளமையில் கப்பல்களுக்குத் தந்தி அடித்தவர் அவர். அந்த எந்திரத்தில் பெரிய எழுத்து மட்டும்தான். பழக்கம் விடவில்லை. அரட்டையில் எல்லாமே பெரிய எழுத்தென்றால் கத்துவதாக அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்று வெர்னா கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் அவளுக்கு எதுவும் அனுப்பவில்லை.

ஐயை ஒட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் கொட்டின.

ஒன்றுகூட அவளுக்கு எழுதியது இல்லை. எல்லாம் அவளைப் பற்றி மற்றவர்களுக்கு எழுதியவை. 'வெர்னாவுக்கு இருமல், சன்னலைச் சாத்துங்க.' 'வெர்னா வெட்டினது சரிதான், விடுங்க.' புதன்கிழமைதோறும் டாரெலுக்கு ஒன்று:

'நாளைக்கு வெர்னாவைச் சாப்பிடக் கூப்பிடு. தனியாவே சாப்பிடுறா. நான் கூப்பிட்டா கத்துறேன்னு நினைப்பா.'

வியாழன்தோறும் டாரெல் வந்து கூப்பிடுவான். "வேலை இருக்கு" என்று அவளும் சொல்லி அனுப்பிவிடுவாள். கூப்பிட ஒருவன் இருக்கிறானே என்கிற சந்தோஷத்தில் அன்று பொழுது நன்றாகவே போகும்.

வெர்னா தலையை நிமிர்த்தினாள். மதியம் மணி பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். ஆபீஸில் ஒருவரும் இல்லை.

இன்று வியாழன். டாரெல் கூப்பிடாமலே போயிருந்தான்.