விரல்கள்மேல் ஒரு விசாரணை

வந்திருந்தவர்கள்: தலைமையாசிரியை, பாட்டு மிஸ், என் அக்கா, அவள் மகள் டொக்கு, பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த நான். குற்றம் சாட்டப்பட்டவை டொக்குவின் விரல்கள்.

இசை கேட்டால் மூளை வளருமாம். அதனால் பள்ளியில் கணக்கு வகுப்பு நடக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டு போடுகிறார்கள். டொக்கு மேசையில் தாளம் போட்டிருக்கிறாள். சும்மா இருந்தாலே தட்டுகிறவள். பெயரே அப்படி வந்ததுதான். கணக்கு டீச்சர் அவள் கைகளைத் தொடைக்கடியில் வைக்கச் சொல்லி, அவற்றின்மேலேயே அவளை உட்கார வைத்துவிட்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. தட்டித் தட்டித்தான் அவளுக்குக் கணக்கு வரும். கை முடங்கியதும் கணக்கும் முடங்கியது. பரீட்சையில் முட்டை.

இனி ஸ்பீக்கரே போதும் என்றார் தலைமையாசிரியை. எதிரே இருக்கும் பாட்டு அறை மூளைப் பயிற்சிக் கூடமாகிறது. டிரம்மெல்லாம் இன்றே போகிறது. அந்த அறைக்காகத்தான் டொக்கு காலையில் அடம்பிடிக்காமல் கிளம்புவாள். பாட்டு மிஸ் அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூளை வளரணும்னு பாட்டு போடுறீங்க. அது வேலை செஞ்சா கைய அமுக்குறீங்க. இது என்ன கூத்து மேடம்?"

"கேக்கத்தான் போடுறோம் சார், தட்டுறதுக்கு இல்ல. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பாதியில விட்டவன். என்னையும் இப்படித்தான் உட்கார வச்சே துரத்துனாங்க."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "வாய மூடுடா. பேசிப் பேசியே உருப்படாம போனவன் நீ." பிறகு மகளிடம் திரும்பினாள். "மேடம்கிட்ட சாரி சொல்லுடி."

"எதுக்கு?"

"தட்டுனதுக்கு."

டொக்கு யோசித்தாள். "அப்ப அவங்கள முதல்ல பாட்டை நிறுத்தச் சொல்லும்மா."

அவ்வளவுதான். திமிர் என்றார் தலைமையாசிரியை. வளர்ப்பு சரியில்லை என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அக்கா அழ ஆரம்பித்தாள். மூளையின் இடது பக்கம், வலது பக்கம் என்று தலைமையாசிரியை சுவரில் தொங்கிய படத்தைக் காட்டிக் கத்தினார். உங்கள் மூளை எந்தப் பக்கம் என்று நானும் கத்தினேன். டொக்குவின் மூளையைப் பற்றித்தான் அத்தனை பேச்சும். அவளை யாரும் பார்க்கவில்லை.

பாட்டு மிஸ் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் சும்மா இருந்தார்.

மேசைமேல் சாவி இல்லை. நாற்காலியில் டொக்குவும் இல்லை. எதிர் அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி திரும்பும் சத்தம் கேட்டது.